அளக்கிற கை

தமிழில் எம்.ஏ. படித்தவனுக்கு டீசல் என்ஜினைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. நம் பத்திரிகைகளில் நாம் பட்ட அடி வருகிறது, அவமானம் வருகிறது, எரிந்த குடிசை வருகிறது. வர வேண்டியதுதான். ஆனால் நம் சனங்களுக்கு என்னென்ன தெரியும், எந்த வேலையை எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்கள் என்பது வருவதில்லை. சேரியிலிருந்து வருகிறவனுக்கு உடம்பு உண்டு, வலி உண்டு, கோபம் உண்டு. அறிவு மட்டும் வெளியே இருந்து யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பது போல நாமே எழுதிக்கொண்டிருக்கிறோம். இது சாதி இந்து நம்மைப் பார்க்கிற பார்வை. அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

2012ல் ஒரு டோசர் என்ஜினை முதன்முதலாகப் பிரித்துக் கட்டினேன். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமன். அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமா கோலார் தங்கவயல்காரர். அவருடைய அப்பா, அதாவது என் அம்மாவழித் தாத்தா, குடியாத்தம் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்ட ஆரம்பித்த சுரங்கம் அது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து பண்ணையாள் வேலையை உதறிவிட்டு ஆயிரக்கணக்கில் அங்கே போனார்கள். மண்ணுக்கு மேலே இருந்த ஆண்டையிடமிருந்து தப்பிக்க மண்ணுக்குக் கீழே போனார்கள் என்று மாமா சொல்வார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த வெக்கையில் கிடந்த சனம்தான் மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளை வைத்து நடத்தியது. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். சுரங்கத்து மெஷின் ஷாப்பில் பிட்டராக இருந்த மாமா மட்டும் இந்தப் பக்கம் வந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்தார். பொக்லைன், டோசர், கிரேன் எல்லாம் பார்க்கிற பட்டறை.

எம்.ஏ. முடித்து ஒரு வருசம் சும்மா இருந்தேன். பி.எட். சேரப் பணமில்லை. "புஸ்தகத்த கொஞ்ச நாள் மூடி வெச்சிட்டு எங்கூட வாடா மருமவனே" என்று மாமா கூப்பிட்டார். எல்பராகப் போனேன்.

பட்டறைக்குள்ளே நுழைந்ததும் எனக்குத் தெரிந்துபோனது, இங்கேயும் ஊர் உண்டு, சேரி உண்டு என்று. யாரும் சொல்லித் தரவில்லை. வேலையைப் பங்கு போட்டிருந்த விதமே சொன்னது. கழுவுகிறவன் ஒருத்தன். கழற்றுகிறவன் ஒருத்தன். அளக்கிறவன் ஒருத்தன். வண்டி வந்தால் சேறும் கிரீசும் போக டீசல் ஊற்றிக் கழுவுவது, கார்பனைச் சுரண்டுவது, ஆயில் சேம்பருக்கு அடியில் மல்லாந்து படுப்பது எல்லாம் எங்கள் ஆட்கள். அளவு பார்ப்பது, எது தேறும் எது தேறாது என்று சொல்வது, பில் எழுதுவது அவர்கள் ஆட்கள். பெரிய மேஸ்திரி முதலாளிக்குப் பங்காளி. மைக்ரோமீட்டர், டயல் கேஜ், டார்க் ரெஞ்ச் எல்லாம் அவருடைய பச்சை இரும்புப் பெட்டிக்குள்ளே பூட்டு போட்டு இருக்கும். கருவறை மாதிரி. நாங்கள் அந்தப் பெட்டியைத் துடைக்கலாம், திறக்கக் கூடாது. மேஸ்திரி மாமாவைவிடப் பத்து வயது சின்னவர். அவரை முதலாளி "வாங்க" என்பார். மாமாவை "ஏய் கேஜியெப்பு" என்பார். பெயரே கிடையாது. டீ வந்தால் அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், எங்களுக்குத் தூக்கிப் போடுகிற கப்பு. கேட்டால் சுகாதாரம்.

வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களைப் பிரித்து ஒருவருக்குமேல் ஒருவராக அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936ல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோதே பிரித்துக் காட்டிவிட்டார். அதைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். ஒரு பூட்டுப் பெட்டியைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அந்த வருசம் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமை. சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் பகலில் கரண்ட் வந்தால் அதிசயம். ஆயுத பூசைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு குவாரிக்காரர் தன் டோசரைக் கொண்டுவந்தார். பெமல் வண்டி. பெமல் தொழிற்சாலை தங்கவயலில் இருக்கிறது. "நம்மூர்ல செஞ்ச வண்டிடா" என்று மாமா அதன் பக்கவாட்டில் தட்டினார். உள்ளே 855 நம்பர் கம்மின்ஸ் என்ஜின். 855 என்பது கன அங்குலம், 14 லிட்டர். ஆறு சிலிண்டர். இரண்டு சிலிண்டருக்கு ஒரு ஹெட் என்று மொத்தம் மூன்று ஹெட். ஒரு பிஸ்டனின் குறுக்களவு ஐந்தரை அங்குலம், அது மேலும் கீழும் போய்வரும் தூரம் ஆறு அங்குலம். பைக் பிஸ்டனைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்திராத எனக்கு அது சின்னச் சோற்றுக்குண்டான் மாதிரி இருந்தது.

வண்டி ஏறுமுகத்தில் இழுக்கவில்லை, ஆயில் குடிக்கிறது என்றார் குவாரிக்காரர். மாமா என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். குப்குப்பென்று புகை தள்ளியது.

"இன்னாடா பாக்கற? பேக் கம்ப்ரஷன். ரிங்கு போயிட்டு கீது. மேல வெடிக்கற காத்து ரிங்க தாண்டி கீழ எறங்குது. எதனால போச்சின்னு கண்டுபுடி. ரிங்க மாத்தறது பெரிசில்ல, எதனால போச்சின்னு தெரியாம மாத்துனா ஆறு மாசத்துல திரும்பவும் வந்து நிக்கும்."

கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது. காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு. அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். குவாரிப் புழுதி வடிகட்டிக்குள்ளே போகாமல் குறுக்கு வழியில் நேராக என்ஜினுக்குள் போயிருக்கிறது. கல்லை உடைக்கிற இடத்துப் புழுதி. கண்ணாடித் தூள் மாதிரி. டர்போவின் விசிறி ஓரங்கள் மழுங்கி இருந்தன. ஹெட்டைக் கழற்றி லைனருக்குள் விரல்விட்டுப் பார்த்தால், மேல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது.

"ஆளுக்கும் என்ஜினுக்கும் ஒண்ணுதான்" என்றார் மாமா. "தூசி உள்ள பூந்தா மூச்சு போயிடும். உங்க தாத்தனுக்கும் இதான் ஆச்சி."

தாத்தா சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிற வேலை பார்த்தவர். கடைசி நான்கு வருசம் படுத்துத் தூங்கியதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விட்டார். அந்த நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ் என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். டோசர் என்ஜினுக்குக் கம்பெனிக்காரன் இரண்டு அடுக்கு வடிகட்டி வைத்திருக்கிறான், வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. என் தாத்தா மூக்கில் கட்டிக்கொண்டது ஒரு துண்டு.

என்ஜினை இறக்கி, கவிழ்த்து, கிராங்க்கை செயின் பிளாக் போட்டு வெளியே தூக்கினோம். ஏழு மெயின் பேரிங் கேப்பிலும் நம்பர் குத்தியிருக்கும். எந்த கேப் எந்த இடத்திலிருந்து வந்ததோ அங்கேதான், அதே திசையில்தான் திரும்பப் போக வேண்டும். கலந்துவிட்டால் எல்லாம் போச்சு. ஒவ்வொன்றையும் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து, சாக்கின்மேல் வரிசையாக வைத்தேன். இதுவரை எங்கள் வேலை. இதற்குமேல் அளவு. அளவு மேஸ்திரியுடையது.

மேஸ்திரிக்கு அந்த வாரம் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டார். குவாரிக்காரர் தினமும் போன் செய்தார். முதலாளிக்கு வேறு வழியில்லை. பெட்டிச் சாவியை மேசைமேல் வைத்து, "பாத்து எடுத்துப் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா பெட்டியைத் திறந்து, மூன்று நான்கு அங்குல மைக்ரோமீட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க அளங்க மாமா" என்றேன்.

"எனக்குத் தெரியும்டா. சுரங்கத்துல இருபது வருசம் அளந்தவன் நானு. நான் வாயால சொன்னா இங்க எவனும் ஒத்துக்க மாட்டான். நீ அளந்து பேப்பர்ல எழுது. எழுத்தப் பாத்தாதான் இவனுங்க அடங்குவானுங்க."

மைக்ரோமீட்டர் படிப்பதை அவர் கற்றுக்கொடுத்த மாதிரி எந்த வாத்தியாரும் எனக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்ததில்லை. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு 'தௌ'. நாம் எழுதுகிற வெள்ளைத்தாளின் கனம் ஏறக்குறைய நான்கு தௌ. தண்டில் இருக்கிற ஒவ்வொரு சின்னக் கோடும் இருபத்தைந்து தௌ, சுற்றுகிற உறையில் ஒவ்வொரு கோடும் ஒரு தௌ. இரண்டையும் கூட்ட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பொய் சொல்லும். தளர்த்திப் பிடித்தாலும் பொய் சொல்லும். "கொழந்தையோட வெரல புடிக்கிறாப்ல புடி" என்றார். கனெக்டிங் ராடு உட்காருகிற ஆறு பின்னிலும் நெடுக்கே ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு, முன்னால் பின்னால் என்று ஒவ்வொரு பின்னுக்கும் நான்கு. மொத்தம் இருபத்துநான்கு எண். புதுசாக இருந்தபோது 3.125 அங்குலம். நான் எழுதிய எண்களில் மூன்று பின் சரியாக இருந்தது. மற்ற மூன்றில் ஒரு பக்கம் 3.124, குறுக்கே 3.120. வட்டம் முட்டையாகிவிட்டது.

"நாலு தௌ. ரெண்டுக்கு மேல போனா அரைக்கணும்" என்றார் மாமா. முட்டையான பின்னில் புது பேரிங் போட்டால் ஆயில் படலம் நிற்காது. இரும்பும் இரும்பும் உரசும், பேரிங் உருகிப் பிடித்துக்கொள்ளும், ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். மூன்று பின்தான் கெட்டிருக்கிறது என்று மூன்றை மட்டும் அரைப்பதும் முறையில்லை. ஆறையும் ஒரே அளவுக்கு, பத்து தௌ குறைத்து அரைத்து, அதற்குத் தகுந்த பத்து சைஸ் பேரிங் போட வேண்டும்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "எமரி போட்டுத் தேச்சு ஸ்டாண்டர்டு பேரிங்கப் போட்டு ஓட்டு. அவரு இருந்தா அப்படித்தான் பண்ணுவாரு. கரண்டே இல்ல, கிரைண்டிங் எப்ப ஆவும்?" என்றார். மாமா எதிர்த்துப் பேசவில்லை. என்னைப் பார்த்தார். நான் எழுதிய தாளை நீட்டினேன். மேலே வண்டி நம்பர், தேதி, கீழே ஆறு வரி, வரிக்கு நான்கு எண், கெட்டுப்போன மூன்று வரிக்கும் அடிக்கோடு. முதலாளி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். குவாரிக்காரர் கையில் இந்தத் தாள் போய், அதன்பிறகு வண்டி நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார். "சரி, அனுப்பு" என்றார். மாமா பத்து வருசமாகச் சொல்லி நடக்காத காரியம் ஒரு தாளில் நடந்தது. எழுத்தின் மேல் எனக்கு இருக்கிற நம்பிக்கைக்கு இலக்கியம் மட்டும் காரணமில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

கிராங்க் லேத்துப் பட்டறையில் நான்கு நாள் கிடந்தது. கரண்ட் வருகிற நேரத்தில், இரண்டு இரவு, அரைத்துக் கொடுத்தார்கள். வந்ததும் மறுபடி இருபத்துநான்கு அளவு. எல்லாம் ஒன்றுபோல இருந்தது.

அப்புறம் கட்டுகிற வேலை. புது லைனருக்கு அடிப்பக்கம் மூன்று ரப்பர் வளையம் மாட்டி பிளாக்குக்குள் இறக்கினோம். வெளியே தண்ணீர் ஓடும், உள்ளே நெருப்பு. நடுவில் நிற்பது அந்த லைனர். அதன் தலை பிளாக்குக்கு மேலே மூன்றிலிருந்து ஆறு தௌ வரை நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஹெட்டை எவ்வளவு முறுக்கினாலும் கேஸ்கட் இறுகாது, நெருப்பு ஊதிக்கொண்டு போய்விடும். குறைந்த இடத்தில் அடியில் மெல்லிய ஷிம் போட்டு ஏற்ற வேண்டும். டயல் கேஜை வைத்து ஆறையும் பார்த்தோம். "தலைய தூக்கி நிக்கணும்டா லைனரு. அடங்கிப் போச்சின்னா ஊதிக்கும்" என்று சொல்லிவிட்டு மாமாவே சிரித்துக்கொண்டார்.

ஆறு பிஸ்டனை இறக்க ஒரு பகல் முழுக்க ஆனது. ரிங்குகளின் வாய் ஒன்றின் நேர்கீழே ஒன்று வரக் கூடாது, வந்தால் காற்றுக்கு வழி கிடைத்துவிடும். பெல்ட் போட்டு ரிங்கை அமுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். ஒவ்வொரு பிஸ்டன் இறங்கியதும் கிராங்க்கைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார் மாமா. எங்கேயாவது பிடித்தால் அங்கேயே நிறுத்து, மேலே போகாதே. டெஸ்ட் பெஞ்சுக்குப் போய்வந்த பம்பும் இன்ஜெக்டரும் ஏறின. டாப்பெட் வைத்தோம்: காற்று உள்ளே வருகிற வால்வுக்குப் பதினொரு தௌ, புகை வெளியே போகிற வால்வுக்கு இருபத்துமூன்று. ஏன் இரண்டு அளவு? புகை வால்வு சூடேறி அதிகமாக நீளும். இடைவெளி இல்லாவிட்டால் மூடாமல் நின்று கருகிப்போகும். மாமா ஒவ்வொன்றுக்கும் 'ஏன்' சொன்னார். அந்தப் பட்டறையில் 'ஏன்' சொல்லிக்கொடுக்கிற வழக்கமே இல்லை. 'செய்' மட்டும்தான்.

ஆயுத பூசைக்கு நான்கு நாள் முன்னால் ஸ்டார்ட் செய்தோம். முதலில் டீசலை நிறுத்திவைக்கும் சோலனாய்டு ஒயரைக் கழற்றிவிட்டு வெறுமனே சுற்றவிட்டோம், ஆயில் பிரஷர் முள் ஏறும்வரை. உலர்ந்த பேரிங்கில் என்ஜின் பிடித்தால் செய்த வேலை அத்தனையும் ஒரு நிமிசத்தில் நாசம். முள் ஏறியதும் ஒயரை மாட்டச் சொன்னார். இரண்டாவது சுற்றில் பிடித்தது. கரும்புகை தள்ளி, சாம்பலாகி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. மாமா நீள ஸ்குருடிரைவரின் முனையை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, ஒன்றிலிருந்து ஆறுவரை கேட்டுக்கொண்டே போனார். ஆறாவதில் நிமிர்ந்து தலையாட்டினார். ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைக்கச் சொன்னார். புகை இல்லை. மெல்லிய சூடு மட்டும். எனக்கு முதுகலைப் பட்டம் வாங்கிய நாளில் வராத சந்தோசம் அன்றைக்கு வந்தது.

குவாரிக்காரர் வந்து ஓட்டிப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்கு. யார் கட்டினது?" என்றார். முதலாளி, காமாலையில் படுத்திருந்த மேஸ்திரியின் பெயரைச் சொன்னார். பில்லிலும் அந்தப் பெயர்தான். நாங்கள் இரண்டு பேரும் ஏழடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஆயுத பூசை அன்று ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பச்சைப் பெட்டிக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். பூசை முடிந்ததும் பெட்டி மறுபடி பூட்டப்பட்டது.

அன்று இரவு மாமாவிடம் சண்டை போட்டேன். ஏன் சும்மா நின்றீர்கள் என்று. அவர் பதில் சொல்லாமல் தலைமாட்டிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கத்தில் புத்தர் படம் ஒட்டியிருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து பட்டறைக்கு வந்த நாள்முதல் அவர் கைபட்ட ஒவ்வொரு என்ஜினும் தேதியோடு: "மெயின் ஓகே. பிக் எண்டு 3ம் நம்பர் ஓவல். அரைக்கச் சொன்னேன், அரைக்கவில்லை. ஏழு மாதத்தில் திரும்ப வந்தது." மைக்ரோமீட்டர் கைக்குக் கிடைக்காத நாட்களில் விரலால் தடவி, நகத்தால் கீறி உணர்ந்ததை எழுதியிருந்தார். எட்டாவது வரை தங்கவயலில் தமிழில் படித்தவர். கலைச்சொல் அகராதிகள் கிராங்க்கை 'வணரி' என்கின்றன. வணரி என்று சொல்லி வேலை செய்கிற ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. மாமாவின் நோட்டில் இருப்பதும் தமிழ்தான். எந்தத் தமிழ்த்துறையும் அதைத் தொகுக்கவில்லை.

2015ல் மாமா அங்கிருந்து விலகி, தானே ஒரு கொட்டகை போட்டார். முதலில் வாங்கியது ஸ்பேனர் செட் இல்லை, மைக்ரோமீட்டர். பெட்டிக்குப் பூட்டு கிடையாது. சேரிப் பையன்கள் மூன்று பேர் வேலை கற்றார்கள். கழுவுகிறவனேதான் அங்கே அளப்பான்; அளக்கிறவனும் கழுவுவான். பில்லில் கட்டியவன் பெயர் இருக்கும்.

இப்போது வேறு பூட்டு வந்திருக்கிறது. சக்கரம் வைத்த மண் தோண்டும் வண்டிகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து புதிய புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு என்ஜினில் எலெக்ட்ரானிக் பெட்டி வந்துவிட்டது. கோளாறு என்ன என்று பார்க்க லேப்டாப் வேண்டும், மென்பொருள் வேண்டும், கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல் கம்பெனியிடம். நம் பிள்ளைகள் மறுபடி கழுவுகிற இடத்துக்குத் தள்ளப்படுவார்களா என்பது இன்றைய கேள்வி. உயர்கல்வியில் இடஒதுக்கீடு கேட்கிற நாம் இதையும் கேட்க வேண்டும்: அளக்கிற கருவி யார் கையில் இருக்கிறது?

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேரிக்கு விவரம் சேகரிக்கப் போகும்போது என்ன கொடுமை நடந்தது என்று கேட்கிறோம். அதோடு, உங்களுக்கு என்ன வேலை தெரியும், அதை எப்படிச் செய்வீர்கள், யாரிடம் கற்றீர்கள் என்றும் கேளுங்கள். தோல் பதனிடுகிறவர், கிணறு வெட்டுகிறவர், பறைக்குத் தோல் இழுத்துக் கட்டுகிறவர், நாற்று நடுகிறவர், பிரசவம் பார்த்த கிழவி, எல்லோரிடமும் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. பாதிப்பேர் அதை எழுதி வைக்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் சொல்லிலேயே, அவர்கள் பெயர் போட்டு எழுதுங்கள். நான் மாமாவின் நோட்டைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.